நோயாளியின் கையெழுத்து போதும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

மகளிர் வார்டிலும் அறுவை அரங்கிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் நான். 18 வயது நிறைந்து, சுயநினைவோடும் தெளிவோடும் இருக்கிற ஒருவருக்குச் சிகிச்சை அளிக்க அவருடைய சம்மதம் போதும். கணவரோ தகப்பனாரோ அண்ணனோ மகனோ சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. செயற்கைக் கருத்தரிப்பு போலத் தம்பதியர் இருவரும் சேர்ந்து மேற்கொள்ளும் சிகிச்சைக்கும் உறுப்பு தானத்துக்கும் தனிச் சட்டங்கள் உண்டு, அவற்றை விட்டுவிடுவோம். மற்றபடி கர்ப்பப்பை அறுவையானாலும் குடலிறக்க அறுவையானாலும் நோயாளியின் சொல்தான் கணக்கு. ஆனாலும் நம் மருத்துவமனைகளில், அரசு தனியார் என்ற வேறுபாடில்லாமல், "கூட யார் வந்திருக்கிறார்கள்? அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்" என்ற குரல்தான் முதலில் எழுகிறது. இதை ஒரு சுற்றறிக்கையால் மாற்றத் தங்களால் முடியும். ஆகவே இந்த மடலைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விஷயம் வேறு. அங்கே சட்டமே குழம்பிக் கிடக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் படிவத்தைப் பற்றி. ஒப்புதல் படிவம் என்று நாங்கள் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்தி வைக்கும் தாள், நான் பார்த்த இடங்களிலெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சடித்தது. நகல் எடுத்து எடுத்து எழுத்துகள் மங்கிப்போயிருக்கும். என்ன அறுவை, என்ன மயக்க மருந்து, என்ன ஆபத்து என்று எழுத வேண்டிய கோடுகள் வெறுமையாகவே இருக்கும். கையெழுத்து வாங்கிய பிறகு பயிற்சி மருத்துவர் உட்கார்ந்து நிரப்புவார். அடியில் இரண்டு கோடுகள். ஒன்றில் நோயாளி, மற்றொன்றில் கணவர் அல்லது காப்பாளர். ஸ்ட்ரெச்சரில் பச்சை அங்கியோடு படுத்திருக்கிற பெண்ணின் தலைமாட்டைத் தாண்டி அந்தத் தாள் வராந்தாவுக்குப் போகும். அங்கே நிற்கிற ஆணிடம் பேனாவை நீட்டி, "இங்கே, இங்கே, இன்னும் இங்கே" என்று விரலால் தொட்டுக் காட்டுவோம். எழுதத் தெரியாதவரானால் இங்க் பேடை எடுத்து இடது கைப் பெருவிரலை அமுக்குவோம். திரும்பி வந்த பிறகுதான், நேரம் இருந்தால், அந்தப் பெண்ணிடம் தாள் போகும். அவளிடம் யாரும் எதையும் படித்துக் காட்டுவதில்லை. ஊசி போட்ட கை மரத்திருக்கும். கோணலாக ஒரு பெயர் எழுதுவாள். அதற்குப் பெயர் ஒப்புதல் என்கிறோம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றைச் சொல்கிறேன், பெயரும் ஊரும் வேண்டாம். கருக்குழாயில் கர்ப்பம் தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிகிற நிலையில் ஒரு பெண் வந்தாள். உதடும் கண்ணின் உள்இமையும் வெளுத்திருந்தன. நாடி ஓடிக்கொண்டிருந்தது, ரத்த அழுத்தம் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இறங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு நினைவு தெளிவாக இருந்தது. "செய்யுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றாள். அவளை அழைத்து வந்தது பக்கத்து வீட்டுப் பெண். கணவன் வெளியூரில் வேலையில் இருந்தான். அவன் பஸ் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. ரத்தம் தயார், அரங்கு தயார், மயக்க மருந்து நிபுணரும் வந்துவிட்டார். எல்லோரும் அந்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். கடைசியில் மூத்த மருத்துவர் ஒருவர் வந்து, "அவள் சொல்லிவிட்டாளே, இன்னும் யாருக்காக நிற்கிறீர்கள்?" என்று சத்தம் போட்ட பிறகுதான் ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள். அந்த மருத்துவர் அன்றைக்குப் பணியில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் என்னை விடுவதாயில்லை.

அந்தக் காத்திருப்பில் சட்டத்தின் பங்கு துளியும் இல்லை. 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டப்படி 18 வயது நிறைந்தவர் தன் காரியங்களைத் தானே முடிவு செய்யத் தகுதியானவர். திருமணமானதும் அந்தத் தகுதி கணவனிடம் போய்விடும் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. அவசர நிலையானால் இன்னும் எளிது. உயிர்காக்கச் சிகிச்சை தேவைப்படும்போது, நோயாளி சம்மதம் சொல்ல இயலாத நிலையில் இருந்து, உரியவர்களிடம் கேட்கவும் நேரமில்லை என்றால், நல்லெண்ணத்தோடு செய்த சிகிச்சை குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 92ஆம் பிரிவு. 1860 முதல் இருப்பது. அங்கே உதாரணமாகவே ஒரு குழந்தை வருகிறது: விபத்தில் சிக்கிய குழந்தைக்கு உடனே அறுவை செய்யாவிட்டால் உயிர் போகும், காப்பாளரைக் கேட்க நேரமில்லை, குழந்தை வேண்டாம் என்று கெஞ்சியும் மருத்துவர் அறுவை செய்கிறார், அவர் செய்தது குற்றமில்லை. எந்த மருத்துவமனையானாலும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், மற்ற நடைமுறைகள் பிறகு என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பஸ் வரட்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"எங்கள் பாதுகாப்புக்குத்தான் உறவினர் கையெழுத்து வாங்குகிறோம்" என்று நிர்வாகத்தினர் சொல்வார்கள். அவர்கள் சமீரா கோலி வழக்கின் தீர்ப்பைப் படித்துப் பார்க்க வேண்டும். 44 வயதான, திருமணமாகாத பெண். மாதவிலக்கில் ரத்தப்போக்கு நிற்கவில்லை என்று டெல்லியில் ஒரு மருத்துவரிடம் போனார். லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் சிகிச்சைக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார். மயக்கத்தில் இருந்தபோது உதவி மருத்துவர் வெளியே வந்து அவருடைய தாயிடம் கையெழுத்து வாங்க, கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, நோயாளி விழித்தெழும்வரை காத்திருந்து கேட்டிருக்கலாம், வயதுவந்த ஒருவருக்காகத் தாய் கொடுத்த சம்மதம் சம்மதமே ஆகாது என்று சொல்லி இழப்பீடு கொடுக்கச் செய்தது. பெற்ற தாயின் கையெழுத்தே அந்த மருத்துவரைக் காப்பாற்றவில்லை. வராந்தாவில் நிற்கும் மைத்துனரின் கையெழுத்து யாரைக் காப்பாற்றப் போகிறது?

உறவினர்கள் கூட்டமாக வந்து அடிக்கிறார்கள், கண்ணாடியை உடைக்கிறார்கள் என்ற பயம் எனக்கும் தெரிந்த பயம்தான். இரவுப் பணியில் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருத்தி. அதற்கென்று தமிழ்நாட்டில் 2008இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதை உறுதியாக நடைமுறைப்படுத்துங்கள். உறவினரிடம் நிலைமையை விளக்கிச் சொல்வது வேறு, அனுமதி கேட்பது வேறு. முன்னது நல்ல மருத்துவம். நோயாளி ஒப்புக்கொண்டால் தாராளமாகச் செய்யலாம்.

கருக்கலைப்பிலும் குடும்பக் கட்டுப்பாட்டிலும் இந்தப் பழக்கம் இன்னும் கொடுமையானது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், 18 வயது நிறைந்த, மனநோய் இல்லாத பெண்ணானால் அவளுடைய சம்மதத்தை மட்டுமே கேட்கிறது. கணவன் என்ற சொல்லே சம்மதப் பிரிவில் கிடையாது. 2021இல் திருத்தியபோது திருமணமாகாத பெண்ணையும் கருத்தில் கொண்டு, கருத்தடை பலனளிக்காத நிலையைச் சொல்லும் இடத்தில் கணவன் என்பதை எடுத்துவிட்டு 'துணைவர்' என்று எழுதினார்கள். குடும்பக் கட்டுப்பாடு அறுவைக்கு வாழ்க்கைத் துணையின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு, மூன்றாவது பிரசவம் முடிந்து "இதோடு போதும்" என்று தானே கேட்கிற பெண்ணிடம் "வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்புகிறோம். குடித்துவிட்டு அடிக்கிறவனிடம் போய் அவள் அனுமதி வாங்கி வர வேண்டுமாம். திரும்பி வராதவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை. அடுத்த பிரசவத்துக்கு வரும்போது முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம்.

வயது முதிர்ந்தவர்களுக்கும் இதே கதிதான், கொஞ்சம் மரியாதையோடு நடக்கிறது என்பது மட்டும் வேறுபாடு. கணக்கு வழக்கெல்லாம் இன்றைக்கும் தானே பார்க்கிற பெரியவருக்குப் புற்றுநோய் என்றால், மகன் மருத்துவரைத் தனியாக அழைத்து, "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்கிறார். மருத்துவரும் தலையாட்டிவிடுகிறார். கீமோ ஏற்றுகிறார்கள், சத்து ஊசி என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். பாசத்தில் செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் மிச்சமிருக்கிற காலத்தை மருத்துவமனையில் கழிப்பதா வீட்டில் கழிப்பதா என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. சிகிச்சை வேண்டாம் என்று சொல்வதும் அந்த உரிமைக்குள் அடங்கும். 2018 மார்ச்சில் காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் விரித்து, பின்னாளில் பேச முடியாமல் போனாலும் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று ஏற்றது. நடைமுறை கடினமாக இருக்கிறது என்று 2023 ஜனவரியில் அதை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். இப்படி ஒன்று இருப்பதை எத்தனை மருத்துவமனைகளில் வாசலில் எழுதிப் போட்டிருக்கிறார்கள்?

மனநலச் சிகிச்சை எடுப்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் எனக்கு மிகப் பிடித்த வாசகம் இருக்கிறது. ஒருவர் எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக்கூடாது என்பது அதன் பொருள். விளக்கத்தைப் புரிந்துகொள்ள முடிகிறதா, விளைவை உணர முடிகிறதா, தன் முடிவைச் சொல்லிலோ சைகையிலோ தெரிவிக்க முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் கர்ப்பத்தை அவளுடைய விருப்பத்துக்கு மாறாகக் கலைக்கக்கூடாது என்று 2009இல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த மதிப்பைக்கூட, எந்தக் குறைபாடும் இல்லாத இல்லத்தரசிக்கு நாம் கொடுப்பதில்லை.

இனி 18 வயது நிறையாதவர்கள்.

நம் நாட்டில் எந்த வயதில் ஒரு சிறுவனோ சிறுமியோ தன் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம் என்று ஒரே இடத்தில் சொல்லும் சட்டம் கிடையாது. துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது என்று நியாய சன்ஹிதாவின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வயதுக் குழந்தைக்காகக் காப்பாளரோ, அக்குழந்தையைச் சட்டப்படி தன் பொறுப்பில் வைத்திருப்பவரோ சம்மதிக்கலாம் என்கிறது 27ஆம் பிரிவு. ஒருவரின் நன்மைக்காக அவர் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்வதைப் பற்றிய 26ஆம் பிரிவிலோ 18 என்ற வயது வரம்பே இல்லை. இவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் தடயவியல் மருத்துவப் பாடத்தில் மாணவர்களுக்கு, 12 வயது நிறைந்தால் உடல் பரிசோதனைக்குச் சம்மதிக்கலாம் என்று கற்பிக்கிறார்கள். மறுபக்கம், ஒப்பந்தச் சட்டம் 18 வயது நிறையாதவரோடு செய்யும் ஒப்பந்தத்தை ஏற்பதில்லை. ஆகவே வார்டுக்கு வந்ததும் மருத்துவர்கள் எல்லாவற்றுக்கும் 18 என்று கோடு போட்டுக்கொள்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் யாரும் பயந்துதான் நடப்பார்கள்.

ஆனால் அந்தப் பயத்தின் விலையைக் கொடுப்பது 15, 16 வயதுப் பிள்ளைகள். வெள்ளைப்படுதல், மாதவிலக்கு வலி, முகப்பரு, படுக்கையில் சிறுநீர் கழிதல், தூக்கமின்மை, செத்துவிடலாமா என்ற எண்ணம் என்று எதையாவது மனதில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை மருத்துவர் முன் உட்கார்கிறது. மருத்துவர் கேள்வி கேட்கிறார். அம்மா பதில் சொல்கிறார். "சாப்பிடுகிறாயா?" என்றால் "சாப்பிடவே மாட்டாள் டாக்டர்." "எங்கே வலிக்கிறது?" என்றால் "அடிவயிறு என்கிறாள் டாக்டர்." பிள்ளை தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நானே பலமுறை, எடை பார்க்க வேண்டும் என்று சாக்கு சொல்லி அந்தப் பிள்ளையைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போயிருக்கிறேன். எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் நின்றபடிதான் உண்மையான நோய் வெளியே வரும். வீட்டில் ஒருவன் தொடுகிறான் என்று ஒரு சிறுமி சொன்னதும் அப்படித்தான். இந்தத் தனிமை ஒரு செவிலியரின் சாக்கில் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அது நடைமுறையாக எழுதி வைக்கப்பட வேண்டும். 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கான தேசிய வளரிளம் பருவத்தினர் நலத்திட்டம் 2014இல் தொடங்கப்பட்டு, அதற்கான தனி ஆலோசனை மையங்களும் வந்தன. சாதாரண வெளிநோயாளர் பிரிவிலும் அந்த வசதி வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பெற்றோரைப் பகைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாய் தகப்பனைவிடப் பெரிய துணை கிடையாது. அவர்கள் இல்லாமல் எந்தச் சிகிச்சையும் தேறாது. நான் சொல்வது, அவர்களிடம் சொல்ல முடியாமல் மருந்துக் கடைக்கும் போலி மருத்துவரிடமும் போகிற பிள்ளைகளைப் பற்றி. பெற்றோரே அருகில் இல்லாத பிள்ளைகளைப் பற்றியும்தான். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் பெற்றோர் வெளியூர் போயிருக்க, பாட்டியின் கையில் வளர்கிற பிள்ளைக்குக் குடல்வால் அழற்சி வந்தால் பாட்டியின் கைநாட்டை ஏற்க மறுக்கிறார்கள். விடுதிப் பிள்ளையானால் வார்டனின் கையெழுத்து செல்லாது என்கிறார்கள். குழந்தையைச் சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவர் என்று 27ஆம் பிரிவில் இருக்கும் சொற்கள் பிறகு எதற்கு? கருக்கலைப்புச் சட்டத்திலும் காப்பாளர் என்பதற்கு, 18 வயது நிறையாதவரைப் பராமரிப்பவர் என்றுதான் விளக்கம் எழுதியிருக்கிறது. தகப்பனார் வந்தால்தான் ஆயிற்று என்று அதில் இல்லை.

போக்சோ சட்டம் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முழுமை பெறாது. 2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் எத்தனையோ குழந்தைகளைக் காத்திருக்கிறது. அதன் 19ஆம் பிரிவுப்படி, குழந்தைக்கு எதிராகக் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை. 18 வயது நிறையாதவரோடு நடந்த உறவு எதுவானாலும், அவர் விருப்பத்தோடு நடந்ததாகச் சொன்னாலும், அது குற்றமே. ஆகவே 17 வயதில் கர்ப்பமாக வந்து நிற்கிற பெண்ணைக் கண்டதும் மருத்துவர் முதலில் தொலைபேசியை எடுக்கிறார். இந்தச் செய்தி பள்ளிக்கூடம்வரை பரவியிருக்கிறது. விளைவு, அந்தப் பெண் மருத்துவமனைக்கு வருவதில்லை. யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, பாதி கலைந்து, காய்ச்சலும் ரத்தப்போக்குமாக வருகிறாள். வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். துர்நாற்றமே நோயைச் சொல்லிவிடும்.

2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. 18 வயது நிறையாத பெண்ணும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், 19ஆம் பிரிவின் கீழ்த் தகவல் கொடுக்கும்போது அவளுடைய பெயரையும் மற்ற அடையாளங்களையும் மருத்துவர் தெரிவிக்க வேண்டியதில்லை. போக்சோ சட்டமும் கருக்கலைப்புச் சட்டமும் மோதிக்கொண்டு நடுவில் பெண் நசுங்கக்கூடாது என்று நினைத்துச் சொன்ன தீர்ப்பு அது. இந்த ஒரு பத்தியைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருத்துவர் மேசையில் வைத்தால் போதும், சில உயிர்கள் மிஞ்சும். ஆனாலும் அங்கேயும் காப்பாளர் சம்மதம் என்ற கதவு மூடியேதான் இருக்கிறது. கர்ப்பத்துக்குக் காரணமானவனே வீட்டுக்குள் காப்பாளனாக இருக்கும் சிறுமி யாரிடம் போய்க் கேட்பாள்? குழந்தைகள் நலக் குழுவிடம் போகலாம் என்பார்கள். நாள்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வழியை அவளுக்கு யார் காட்டுவது?

நம் சட்டங்களிலேயே இந்தப் பிள்ளைகளை நம்பும் இடங்கள் இருக்கின்றன. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. அதன் 32ஆம் பிரிவைப் பாருங்கள். 12 வயது நிறைந்து, முதிர்ச்சியும் இருந்து, நோயால் நொடிந்த குடும்பத்தைத் தாங்கி நடத்துகிற அக்காவோ அண்ணனோ தன் தம்பி தங்கைக்குக் காப்பாளராகலாம். பள்ளியில் சேர்க்கலாம், வங்கிக் கணக்கை இயக்கலாம், சிகிச்சைக்கும் முடிவெடுக்கலாம். தம்பியின் சிகிச்சைக்கு 13 வயது அக்கா கையெழுத்திட முடியும் என்றால், தன் வயிற்றுவலிக்குத் தனியாகப் பேசக்கூட அவளுக்கு ஏன் முடியாது? மருத்துவ ஆராய்ச்சியிலும் அப்படியே. ஒரு புதிய மருந்தைக் குழந்தைகளிடம் சோதிப்பதானால், பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் இசைவும் வேண்டும். 7 முதல் 12 வயதுவரை வாய்மொழியாக, 12 முதல் 18 வரை எழுத்தில் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. ஆராய்ச்சிக்குக் கேட்கிறோம். சிகிச்சைக்குக் கேட்பதில்லை.

தமிழ்நாடே ஒரு முன்மாதிரியைக் காட்டியிருப்பதால்தான் தங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். ஆண், பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாத உடலமைப்போடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பெற்றோரின் விருப்பப்படி அறுவை செய்து ஏதோ ஒரு பாலாக்கிவிடும் வழக்கம் இருந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், பெற்றோரின் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர அத்தகைய அறுவைகளைத் தடை செய்து தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. நாட்டிலேயே முதலில் செய்தது நாம். பெற்றவராயினும் பிள்ளையின் உடலுக்கு முழு உரிமையாளர் ஆகமாட்டார் என்பதைத் தங்கள் துறை அன்றைக்கே ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்த எண்ணம் ஓர் ஆணையோடு நின்றுவிட வேண்டாம்.

பிரிட்டனில் 1969ஆம் ஆண்டிலேயே 16 வயது நிறைந்தவர் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதிக்கலாம் என்று சட்டம் செய்தார்கள். 1985இல் அவர்களுடைய உச்ச மன்றம், 16 வயதுக்குக் கீழே இருந்தாலும் சிகிச்சையை முழுமையாகப் புரிந்துகொள்ளும் அறிவு இருந்தால் அந்தப் பிள்ளையின் சம்மதம் செல்லும் என்றது. நாமும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992இல் ஏற்றவர்கள். குழந்தையைப் பாதிக்கும் எந்த முடிவிலும் குழந்தையின் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிக்காதவை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அச்சடியுங்கள். என்ன செய்யப்போகிறோம், செய்யாவிட்டால் என்னவாகும், வேறு வழி என்ன என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்னரே நிரப்ப வேண்டும் என்று விதி செய்யுங்கள். 18 வயது நிறைந்தவரானால் கணவர் அல்லது காப்பாளர் என்ற கோட்டையே எடுத்துவிடுங்கள். உடன் வந்தவர் பெயரும் தொலைபேசி எண்ணும் தேவையென்றால் வேறு தாளில் எழுதிக்கொள்ளலாம். உயிராபத்தில் கையெழுத்துக்காகச் சிகிச்சையைத் தாமதித்தால் அதற்கு யார் பொறுப்பு என்பதையும் அதே சுற்றறிக்கையில் எழுதுங்கள். தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மறக்க வேண்டாம். பதிவும் உரிமமும் அரசின் கையில்தானே இருக்கின்றன.

12 வயது நிறைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தனியாகப் பேச நேரம் கொடுங்கள், பெற்றோர் கேட்டாலும் கேட்காவிட்டாலும். சோதனைக்கோ அறுவைக்கோ பெற்றோர் கையெழுத்திடும் தாளில் பிள்ளையின் இசைவுக்கும் ஒரு வரி சேருங்கள். பெற்றோர் இல்லாதபோது பாட்டி, சித்தி, விடுதிக் காப்பாளர் ஆகியோரில் யாருடைய ஒப்புதலை ஏற்கலாம் என்று பட்டியலிட்டு அனுப்புங்கள். போக்சோ வழக்கில் அடையாளத்தை மறைத்துத் தகவல் கொடுப்பது எப்படி என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் மருத்துவருக்கும் காவல்துறைக்கும் ஒரே அறையில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் பயனில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் தெரியாது என்பார்.

கடைசியாக ஒன்று, மேலே உள்ளவற்றைவிடக் கடினமானது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்புச் சட்டத்தில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. 16 வயது நிறைந்தவர் மனநல ஆலோசனைக்கும், பால்வினை நோய்ச் சோதனைக்கும், சாதாரண வெளிநோயாளர் சிகிச்சைக்கும் தானே சம்மதிக்கலாம் என்று ஒரு சட்ட முன்வரைவைத் தயாரிக்க மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், குழந்தைகள் நல அலுவலர்கள் அடங்கிய குழு ஒன்றை அமையுங்கள். அந்தக் குழுவில் செவிலியர் ஒருவரும், 18 வயது நிறையாத இரண்டு மூன்று பேரும் இருக்கட்டும். கூட்டத்தைப் பள்ளி விடுமுறை நாளில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்